அம்மாவுக்குத் துளை போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர், சம்மதிக்கலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு வயது 57. மாதவிலக்கு நின்று ஏழெட்டு வருஷம் ஆகிறது. போன தாளடி நடவு முடிந்ததிலிருந்தே வயிறு உப்பலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீரும் மாத்திரையுமாக நாள் ஓடிவிட்டது. பாவாடை நாடா எட்டவில்லை என்று சொன்ன பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றில் நீர், இரண்டு சினைப்பையிலும் கட்டி. ரத்தத்தில் சிஏ 125 (சினைப்பைப் புற்றில் பெரும்பாலும் கூடும் ஒரு புரதம்) அளவு 1,140. சிடி ஸ்கேனில் ‘பரவியிருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். தஞ்சாவூரில் பார்த்த புற்றுநோய் சர்ஜன், “முதலில் லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவை விட்டு, உள்ளே பார்த்துவிடுவோம். அதற்கப்புறம்தான் நேராக ஆபரேஷனா, கீமோ கொடுத்துவிட்டு ஆபரேஷனா என்று சொல்ல முடியும்” என்கிறார். தாய்மாமாவோ, “சின்னதா ஒண்ணு, பெரிசா ஒண்ணுன்னு ரெண்டு பில்லு போடப் பார்க்கிறாங்க. அதுவும் கத்தி பட்டா பரவிடும்” என்கிறார். ஆபரேஷன் செய்யாமல் கீமோ என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? அம்மாவிடம் இன்னும் கேன்சர் என்று சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, சம்மதியுங்கள். உங்கள் டாக்டர் காலம் கடத்தவில்லை. மார்பெலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை கிழித்துத் திறந்துவிட்டு, ‘எடுக்க முடியாது போலிருக்கிறது’ என்று திரும்பத் தைத்து அனுப்பும் நிலை அம்மாவுக்கு வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறார். ஆனால் துளை போட்டுப் பார்க்கப்போவது யார், பார்த்த பிறகு அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வருகிறேன்.

சினைப்பைப் புற்றின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் டாக்டரின் தயக்கம் புரியும். கட்டியின் மேலிருந்து உதிர்கிற செல்கள் வயிற்றுக்குள் இருக்கும் நீரோடு சுற்றி வந்து, போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடிப்பக்கம், குடலுக்கு முன்னால் திரைபோல் தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்பு மடிப்பு, குடலைத் தாங்கும் சவ்வு, குடலின் மேல்தோல் என்று எங்கும் ஜவ்வரிசி தூவியதுபோல் படியும். சில இடங்களில் அவை சேர்ந்து தடித்த பாளமாகவும் ஆகிவிடும். பெரும்பாலான பெண்களுக்கு இந்த நிலையில்தான் நோய் தெரியவருகிறது. வயிறு உப்பல், பசியின்மை, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது என்று அறிகுறிகள் எல்லாமே கேஸ் போலத்தான் இருக்கும். ஓமத் தண்ணீரில் காலம் போய்விட்டதே என்று வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இதற்கு ஆபரேஷன் செய்வதன் குறி, கண்ணுக்குத் தெரிகிற எதையும் மிச்சம் வைக்காமல் எடுப்பது. கர்ப்பப்பை, சினைப்பைகள், ஓமென்டம், தேவைப்பட்டால் குடலில் ஒரு பகுதி, மண்ணீரல், உதரவிதானத்தின் மேல்தோல் வரைக்கும் போக வேண்டியிருக்கும். ஆறேழு மணி நேரம்கூட ஆகலாம். முழுதாக எடுக்க முடிந்தால் பலன் பெரிது. பாதி எடுத்தோம், முக்கால் எடுத்தோம் என்றால் நோயாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் காயமும் ரத்த இழப்பும் படுக்கையும்தான். அந்தக் காயம் ஆறும்வரை கீமோவும் தள்ளிப்போகும். ஆகவே திறப்பதற்கு முன்னாலேயே ‘எல்லாவற்றையும் எடுக்க முடியுமா?’ என்ற கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்.

சிடி ஸ்கேன் அதற்குப் போதாதா என்று கேட்பீர்கள். பெரிய கட்டி, கல்லீரலுக்குள் பரவல், நுரையீரல், முதுகெலும்பை ஒட்டிய நெறிக்கட்டிகள் ஆகியவற்றை அது நன்றாகக் காட்டும். குடலின் மேல் சில மில்லிமீட்டர் அளவில் படிந்திருப்பதைப் பல நேரம் தவறவிட்டுவிடும். குடலைத் தாங்கும் சவ்வு சுருங்கிக் குடல் ஒன்றாகப் பின்னிக்கொண்டிருக்கிறதா என்பதும் படத்தில் உறுதியாகத் தெரியாது. உங்கள் ரிப்போர்ட்டில் ‘பரவியிருக்கலாம்’ என்று ‘லாம்’ போட்டிருப்பதன் காரணம் அதுதான். கேமராவை உள்ளே விட்டால் அந்த ‘லாம்’ போய்விடும்.

இரண்டு பில் என்ற உங்கள் மாமாவின் கேள்வியை நான் தவறாக நினைக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படிக் கேட்கிறவர் குடும்பத்தில் ஒருவராவது இருப்பது நல்லது. அவருக்கு நெதர்லாந்து ஆய்வு ஒன்றைச் சொல்லுங்கள். எட்டு மருத்துவமனைகள் சேர்ந்து, முற்றிய சினைப்பைப் புற்று என்று சந்தேகிக்கப்பட்ட, ஆபரேஷன் செய்யலாம் என்று நினைத்த 201 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முதலில் லேப்ராஸ்கோப்பி; அதில் தெரிந்ததைப் பொறுத்து ஆபரேஷன் அல்லது கீமோ. மறு பாதிக்கு நேராக ஆபரேஷன். 2017-ல் முடிவு வெளிவந்தது. நேராகத் திறந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கட்டி மிச்சம் நின்றது; அதாவது அவ்வளவு பெரிய வெட்டும் வீண். முதலில் துளை வழியாகப் பார்த்த பிரிவில் அது 10 சதவீதம். மொத்தச் செலவும் அந்த நாட்டுக் கணக்கில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே வந்தது. ஆயுள் கூடியது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. வீண் வெட்டு குறைந்தது என்பது மட்டும் உறுதி. அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

அன்றைக்கு என்ன நடக்கும்? முந்தின நாள் அட்மிட் செய்து, நடு இரவுக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்பார்கள். முழு மயக்கம்தான். தொப்புளை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளை, கூட ஒன்றோ இரண்டோ சின்னத் துளைகள். முதலில் வயிற்று நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்பிக் கேமராவை விடுவார்கள். ஒவ்வொரு மூலையாகப் பார்த்து, படம் பிடித்து, நாலைந்து இடங்களிலிருந்து சதைத் துணுக்கு எடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மறுநாள் தோள்பட்டை வலிக்கிறது என்று அம்மா சொன்னால் பயப்படாதீர்கள். மிச்சம் நிற்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது, ஓரிரு நாளில் போய்விடும். துளை வழியாக வயிற்று நீர் கசிந்து சேலை நனையலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தபின் நனைந்த கட்டைப் பார்த்துக் குடும்பமே பதறிப் போகும். தடித்த பஞ்சுக் கட்டாக மாற்றிக்கொண்டிருந்தால் பல பேருக்குச் சில நாளில் நின்றுவிடும். நிற்காவிட்டாலோ, கசிவது கலங்கலாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள். நீர் இறங்கியதில் இன்னொரு நன்மை: பல நாளாக ரெண்டு வாய்க்கு மேல் இறங்காதவருக்குக் கொஞ்சமாவது சாப்பாடு இறங்கும். கீமோவோ ஆபரேஷனோ, அதற்கு முன் உடம்பில் தெம்பு ஏறுவது பெரிய விஷயம்.

உள்ளே பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. இத்தாலியில் ரோம் நகரத்துச் சர்ஜன்கள் 2006-ல் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார்கள். ஓமென்டம், வயிற்றின் உட்சவ்வு, உதரவிதானம், குடல்தாங்கிச் சவ்வு, குடல், இரைப்பை, கல்லீரல் மேற்பரப்பு என ஏழு இடங்கள். மோசமாகப் பாதித்த ஒவ்வோர் இடத்துக்கும் 2 மதிப்பெண். மொத்தம் 8 அல்லது அதற்கு மேல் என்றால் முதலில் கீமோ நல்லது என்பது அவர்கள் கணக்கு. பின்னால் எல்லையை 10-க்கு உயர்த்தியவர்களும் உண்டு. எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு இடங்கள். சிறுகுடல் நெடுக நோய் அப்பியிருந்தாலோ, குடல்தாங்கிச் சவ்வு வேரோடு சுருங்கியிருந்தாலோ எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனாலும் முழுதாக எடுக்க முடியாது. அவ்வளவு குடலையும் எடுத்துவிட்டு மனுஷி உயிர் வாழ முடியாதல்லவா? இரைப்பைக்குப் பின்புறம், கல்லீரலின் மேல்பின் பகுதி, முதுகுப்புற நெறிக்கட்டிகள் போன்றவை கேமராவுக்கும் சரியாக எட்டாது. அதனால் சிடி படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் கீமோ என்றால் கைவிட்டதாக அர்த்தமா? இல்லவே இல்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் 670 பெண்களைச் சேர்த்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. பிரிட்டனில் நடந்த இன்னொன்று 2015-ல். இரண்டிலுமே முதலில் ஆபரேஷன் செய்தவர்களும், மூன்று சுற்றுக் கீமோவுக்குப் பிறகு ஆபரேஷன் செய்தவர்களும் வாழ்ந்த காலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கீமோவை முதலில் எடுத்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல் குறைவாக இருந்தது. ஆனால் சர்ஜன்களுக்குள் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. தேர்ந்த மையங்களில் மட்டும் நடத்திய ஜெர்மானியர் தலைமையிலான ஆய்வின் முடிவை 2025-ல் சொன்னார்கள். முதலில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்பி வர அதிகக் காலம் ஆனது. ஆயுளில் தெரிந்த வித்தியாசம் மட்டும் புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. என் நிலைப்பாடு இதுதான்: முழுதாக எடுக்க முடியும் என்று தெரிந்து, உடம்பும் தாங்கும் என்றால் முதலில் ஆபரேஷன். முடியாது என்று தெரிந்தால் கூச்சப்படாமல் கீமோ. இரண்டில் உங்கள் அம்மா எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தத் துளை.

கீமோ முதலில் என்றால் பெரும்பாலும் கார்போபிளாட்டின், பேக்ளிடாக்செல் என்ற இரண்டு மருந்துகள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மூன்று சுற்று முடிந்ததும் மறுபடி சிடி, சிஏ 125. கட்டி சுருங்கியிருந்தால் ஆபரேஷன், அதற்குப் பின் மேலும் மூன்று சுற்று. நடுவில் வரும் அந்த ஆபரேஷனை மட்டும் தவறவிடாதீர்கள். வயிறு வற்றி, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் ‘அதான் சரியாயிடுச்சே, அறுப்பு முடியட்டும், பொங்கல் போகட்டும்’ என்று தள்ளிப்போடுகிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சுக்கு வருகிறேன். முற்றிய நிலையில் நோய் ஏற்கெனவே வயிறு முழுக்க இருக்கிறது. துளை போட்டுப் பரப்ப இனி ஒன்றும் இல்லை. வயிற்றில் நீர் இருப்பவர்களுக்குத் துளை போட்ட இடத்தில் சின்ன முடிச்சு வருவது உண்டு. அதனால் அவர்கள் ஆயுள் குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. கூடியவரை நடுக்கோட்டில் துளை போட்டால் பிறகு பெரிய ஆபரேஷனின்போது அந்தத் தழும்பையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். கீமோவையும் வாரக்கணக்கில் தள்ளாமல் தொடங்க வேண்டும்.

மாமா சொல்வதில் உண்மை இருக்கிற இடம் ஒன்று உண்டு, அது உங்கள் அம்மாவுடையது இல்லை. வயிற்றில் நீர் இல்லாமல், பரவல் இல்லாமல், ஒரு சினைப்பையில் மட்டும் சந்தேகமான கட்டி இருக்கும்போது அதில் ஊசி குத்தி எடுத்துப் பார்ப்பதோ, துளை வழியாக அங்கேயே உடைத்து எடுப்பதோ கூடாது. உள்ளேயே அடங்கியிருக்கும் புற்று உடைந்து வயிற்றில் சிந்தினால் ஆரம்ப நிலையில் இருந்த நோய் ஒரு படி ஏறிவிடும். அப்படிப்பட்ட கட்டியை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும். ‘சாதாரண நீர்க்கட்டிதான், லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம்’ என்று ஐம்பதைத் தாண்டிய பெண்ணிடம், சிஏ 125-கூடப் பார்க்காமல் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

சதை எடுத்துச் சோதிப்பதற்கு நம் ஊரில் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. வயிற்றுக் காசநோயும் இதே வேஷம் போடும். வயிற்றில் நீர், சிஏ 125 உயர்வு, ஓமென்டம் தடிப்பு, உட்சவ்வெங்கும் மணி மணியாக வெள்ளைப் புள்ளிகள் என்று கேமராவில் பார்த்தாலும் சில நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. சதைப் பரிசோதனைதான் சொல்லும். அரசு இலவசமாகத் தரும் மாத்திரையில் குணமாகக்கூடிய நோய்க்குக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்ட கதைகள் இந்தியாவில் புதிதில்லை. உங்கள் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் கட்டி இருப்பதால் புற்றுக்கே சாத்தியம் அதிகம். காசநோயாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம். ஆனால் சதை ரிப்போர்ட் கையில் இல்லாமல் கீமோ தொடங்க யார் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள்.

லேப்ராஸ்கோப்பியே தேவைப்படாத நோயாளிகளும் உண்டு. கல்லீரலுக்குள்ளோ நுரையீரலிலோ பரவியிருப்பது சிடியிலேயே தெளிவாகத் தெரிந்தால், அல்லது மயக்க மருந்தைத் தாங்காத உடம்பு என்றால், அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக ஓமென்டத்திலிருந்து சதை எடுத்துக் கீமோவைத் தொடங்கிவிடலாம். அது போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. அம்மா அந்த வகையில்லை என்று அவர் நினைப்பதால்தான் இதைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். முதலில், பார்க்கப்போவதும் பிறகு அந்தப் பெரிய ஆபரேஷனைச் செய்யப்போவதும் ஒரே சர்ஜனா? இதில் நான் பிடிவாதக்காரி. ‘எடுக்க முடியும்’, ‘முடியாது’ என்பது எடுக்கிற கையைப் பொறுத்தது. குடலையும் உதரவிதானத்தையும் தொட்டுப் பழகாத ஒருவர் ‘முடியாது’ என்று சொன்னதை, பழகியவர் பார்த்து ‘முடியும்’ என்பது உண்டு. வெவ்வேறு ஆள் என்றால் வீடியோவையாவது பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்தே அடுத்தவர் முடிவெடுத்துவிடலாம், அம்மாவுக்கு மறுபடி மயக்கம் கொடுக்கத் தேவையில்லை. அடுத்து, எடுக்க முடியும் என்று தெரிந்தால் எத்தனை நாளில் ஆபரேஷன்? அதே மயக்கத்திலேயே தொடர்வீர்களா, வேறு நாளா? குடலை வெட்டி இணைக்க வேண்டிவந்தால் அதற்கு ஆள், ரத்தம், ஐசியு படுக்கை எல்லாம் அங்கேயே இருக்கிறதா? இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னால் அவரை மெச்சிக்கொள்ளுங்கள். அப்போது பாண்டிச்சேரி ஜிப்மர், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்குக் கடிதம் கேட்கலாம். ஆபரேஷனுக்கு மட்டும் அங்கே போய்விட்டு, கீமோவைத் தஞ்சாவூரிலேயே போட்டுக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ராத்திரி ரயிலில் சென்னை போய்வருவது நோயாளியைவிடக் கூட வருபவரை முதலில் படுக்கவைத்துவிடும்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. புற்றுநோய் ஆபரேஷனும் கீமோவும் அதில் வருகின்றன. இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதியுங்கள். அட்மிஷன் தேதிக்கு முன்பே இது முடிய வேண்டும். லேப்ராஸ்கோப்பிக்கும் அனுமதி வாங்குவார்களா, அல்லது கையிலிருந்து கட்ட வேண்டுமா என்று காப்பீட்டு மேஜையிலேயே கேட்டுவிடுங்கள். மாமாவின் கேள்விக்குச் சரியான இடம் அதுதான்.

அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் கேட்டது ஒற்றை வரிதான் என்றாலும் எனக்கு இதுதான் உறுத்துகிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர். அதில் ‘துளை போட்டுப் பார்க்கும்போது எடுக்க முடியும் என்று தெரிந்தால் இன்னின்னது எடுக்கப்படும், ஒருவேளை மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டிவரலாம்’ என்றெல்லாம் இருக்கும். ஒன்றும் தெரியாமல் மயங்கி, பை வைத்த வயிற்றோடு கண் விழிப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதோடு, முடி கொட்டும் மருந்து ஏறுகிற வார்டில் படுத்துக்கொண்டு தனக்கு என்ன என்று தெரியாமல் இருக்க நம் அம்மாக்கள் குழந்தைகள் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்லிவிடுவார். டாக்டரையே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘கட்டி வயிற்றுக்குள் பரவியிருக்கிறது, மருந்தும் ஆபரேஷனும் இருக்கிறது, எது முதலில் என்று பார்க்கப்போகிறோம்’ என்ற அளவு முதல் நாளுக்குப் போதும். மீதியை அவரே கேட்பார்.

கீமோ தொடங்கினால் இரண்டு விஷயம் கவனம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் போட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். வெள்ளணு குறைந்திருக்கும்போது வரும் கிருமித் தொற்று வேகமானது. இரவானாலும் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கு, ‘கீமோ எடுக்கிறவர்’ என்று முதலில் சொல்லிக் கொண்டுபோங்கள். இன்னொன்று, பேக்ளிடாக்செல்லால் கால் விரல்கள் மரத்துப்போகும். வரப்பில் வெறுங்காலோடு நடந்து பழகியவருக்கு முள் குத்தியதே தெரியாது. செருப்பில்லாமல் கொல்லைக்குக்கூடப் போக விடாதீர்கள், ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சதைப் பரிசோதனையில் சினைப்பைப் புற்று என்று உறுதியானால் அம்மாவுக்கு பிஆர்சிஏ மரபணுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். இந்த நோய் வந்த பெண்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு அந்த மரபணுவில் பிறவியிலேயே கோளாறு இருக்கிறது. இருந்தால், கீமோ முடிந்தபின் நோய் திரும்பாமல் தள்ளிப்போட ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் அம்மாவுக்கு நன்றாகப் பலன் தரும். அதே கோளாறு உங்களுக்கும் உங்கள் கூடப்பிறந்தவர்களுக்கும், ஆண்கள் உட்பட, இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மார்பகப் புற்றுக்கும் அதனால் வாய்ப்பு கூடும் என்பதால் அவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும். சதை ரிப்போர்ட் வாங்கப் போகும் அன்றே இதற்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.